படுத்துக் கிடந்த கதவு

எங்கள் வீட்டுக் குளியலறை ஒரு வருஷம் கதவு இல்லாமல் இருந்தது. பழைய பிளாஸ்டிக் கதவு விரிசல் விட்டு, கீல் பிய்ந்து, ஒரு நாள் காலையில் என் கையோடு வந்துவிட்டது. நான் வேலை செய்யும் சேலைக் கடையில் கழித்துப் போட்டிருந்த ஒரு துணியைக் கொண்டுவந்து திரையாக மாட்டினேன். இரண்டு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். மயில் போட்ட துணி. இப்போதெல்லாம் மயிலைக் கண்டாலே எரிச்சலாக இருக்கிறது.

கம்போங் மேடானில் எங்கள் ஃப்ளாட் எவ்வளவு பெரிதாக இருந்துவிடும்? ஹாலில் உட்கார்ந்தால் எதிரே குளியலறை. அதனால் வீட்டில் தானாகவே ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது திரைக்குப் பின்னால் போனால், ஹாலில் இருப்பவர் டிவி சத்தத்தைக் கூட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் குழாயைத் திறந்துவிட்டு, ஆள் இருப்பது தெரிய அடிக்கடி இரும வேண்டும். இருமி இருமி எனக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் சுகுமாறன் கிள்ளானில் ஒரு ஃபர்னிச்சர் ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கதவு விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் முதலாளி ஃபேக்டரியை வியட்நாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து இவர் வாயைத் திறக்கவே இல்லை. கதவு விழுந்த அன்றுதான் பேசினார்.

"நான் இருக்கிற வீட்டுக்குப் பிளாஸ்டிக் கதவா? மெராந்தி மரப் பலகையில நானே செய்றேன் லா."

மனிதர் பேசிவிட்டாரே என்று சந்தோஷப்பட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

பழைய கிள்ளான் சாலையில் இடித்த ஒரு வீட்டிலிருந்து மூன்று நல்ல பலகைகள் கொண்டுவந்தார். பலகை வந்ததும் கதவே வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் பலகையை இழைக்க ஒரு மேசை வேண்டுமாம். லோரியில் சாமான் அடுக்கும் பேலட் கட்டைகளை உடைத்து நான்கு கால் செய்தார். மேலே போட வேறு பலகை இல்லை. அந்த மூன்று பலகைகளையும் சேர்த்து, அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்து முடுக்கி, கால்களின் மேல் வைத்தார். இப்போதைக்குத்தான் என்றார். அப்படி என் கதவு நடு ஹாலில் போய்ப் படுத்துக்கொண்டது.

மேசை ஆனதும் பலகையைக் கவ்விப் பிடிக்க ஒரு பிடி வேண்டும். கார் ஜாக்கி ஒன்றை வைத்து அதைச் செய்தார். அதைப் பொருத்த என் கதவில் நான்கு ஓட்டை போட்டார். பிறகு இழைப்புளி. சாமான் கடையில் அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்து, சாப்பிட்டு முடிக்கும் வரை அந்தக் கடைக்காரனைத் திட்டினார். அப்புறம் கன்னையாவின் வெல்டிங் கடையில் உட்கார்ந்து, லோரியின் வில்லுப் பட்டையைக் காய்ச்சி அடித்துத் தானே ஒன்று செய்தார். கீழ்வீட்டுக்காரர் தூக்கிப் போட்ட வாஷிங் மெஷின் மோட்டாரில் ஒரு சுழல் ரம்பம். அதை முதல்முறை ஓடவிட்டபோது அந்தக் கீழ்வீட்டுக்காரரே பதறிப்போய் மேலே வந்தார். ரம்பம் கோணாமல் போக ஒரு தண்டவாளம், தண்டவாளத்தைச் சரிபார்க்க ஒரு மூலைமட்டம். ஒரு கருவி இன்னொரு கருவியைக் கேட்டது. கதவை யாரும் கேட்கவில்லை, என்னைத் தவிர.

குறை சொல்லக் கூடாது. ஒவ்வொன்றும் பார்க்க அவ்வளவு அழகு. இழைப்புளியின் கைப்பிடியை அவர் உள்ளங்கைக்கென்றே செதுக்கியிருந்தார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தார்கள். நான் பிரிக்பீல்ட்ஸ் கடையில் நாள் முழுக்க நின்று, வாங்காதவர்களுக்கெல்லாம் சேலை விரித்துக் காட்டிவிட்டு, கொம்யூட்டர் ரயிலிலும் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தால், முதலில் மரத்தூளைப் பெருக்க வேண்டும். சாமி விளக்கு எண்ணெயிலும் மரத்தூள். முழங்கால் கெஞ்சும். கதவு என்னாச்சு என்று கேட்பேன். புதுக் கருவியைக் காட்டுவார். பார்த்துவிட்டுச் சோறு வைக்கப் போவேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகன் யுகேந்திரனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் மலர், காஜாங்கில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறம் எங்களோடுதான் இருக்கப் போகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் அவளைச் சாப்பிடக் கூட்டிவந்தான். சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் மெதுவாக, பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். மயில் திரையைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களைப் பார்த்தாள். இவர் பழக்கதோஷத்தில் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"பரவால்ல ஆன்டி. நான் வீட்டுக்குப் போய்க்கிறேன்," என்றாள்.

காஜாங் வரைக்கும் அந்தப் பெண் அடக்கிக்கொண்டு போயிருக்கிறாள். எனக்கு மானம் போய்விட்டது. கதவு வாங்கலாம் என்று மகனிடம் சொன்னேன். அப்பா மனசு கஷ்டப்படும், மலர் அட்ஜஸ்ட் பண்ணிக்குவா என்றான். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த வீட்டில் அட்ஜஸ்ட் பண்ணியே நான் பாதியாகிவிட்டேன், இன்னொருத்தியும் வந்து பண்ண வேண்டுமா? கடையில் ஒரு கதவு வாங்கிவிடலாம் என்று இவரிடம் நேராகவே கேட்டேன். கல்யாணத்துக்குள் முடித்துவிடுவேன் என்றார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதும் தண்டவாளத்தைத்தான் சரிசெய்துகொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை கடைக்கு லீவு சொன்னேன். இவர் கன்னையாவிடம் போன நேரம் பார்த்து, மேசைமேல் இருந்த கருவிகளையெல்லாம் கட்டிலில் அடுக்கினேன். ஜாக்கியைக் கழற்றினேன். கால்களைக் கழற்றினேன். மேல்பலகையைத் திருப்பிச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்தேன். மூன்று பலகை, பின்னால் குறுக்குச் சட்டம். கதவேதான். கொஞ்சம் நீளம் அதிகம், அவ்வளவுதான். ஒரு வருஷமாக அதன்மேல் வைத்துத்தான் அதற்கான கருவிகளைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

பென்சிலால் கோடு போட்டு, அவர் செய்து வைத்திருந்த கைரம்பம் ஒன்றை எடுத்து அறுத்தேன். வாழ்க்கையில் நான் மரம் அறுத்ததில்லை. ஆனாலும் அந்த ரம்பம் சுகமாக இறங்கியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

பாதி அறுக்கும்போது இவர் வந்துவிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்குக் கதவு செய்யிற எண்ணமே இல்ல. அப்படித்தானே?" என்றேன்.

"எனக்குச் செய்யத் தெரியாது தனம்."

நான் ரம்பத்தை நிறுத்தினேன்.

"நான் ஜிக் செக்‌ஷன். பலகையப் பிடிக்கிற அச்சு, வெட்டுறதுக்கு அளவுச்சட்டம், அதுதான் என் வேலை. செஞ்சு குடுத்திட்டா வேற ஆளுங்க அத வெச்சு நாற்காலி செய்வாங்க. முப்பது வருஷத்துல ஒரு முக்காலிகூட நான் முழுசா செஞ்சதில்ல. கதவு செஞ்சு அது கோணலாப் போச்சுன்னா, அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு?"

முப்பது வருஷமாக, என் வீட்டுக்காரர் ஃபர்னிச்சர் செய்கிறவர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறுதல் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கை வலித்தது.

"கோணலா இருந்தா இருக்கட்டும். மூடினாப் போதும். அந்தப் பக்கம் பிடிங்க," என்றேன்.

எழுந்து வந்து பிடித்தார். மீதியை அவரே அறுத்தார். நான் அறுத்த பக்கம் அலை அலையாக இருந்தது. இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தார், ஓரளவுக்குச் சரியானது. கீல் பொருத்தும்போது நான் தோளால் முட்டுக்கொடுத்து நின்றேன். கதவு நிமிர்ந்தது. மேலே ஒரு விரல் சந்து, கீழே கொஞ்சம் உரசல். கோணல்தான்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அவர் பொருத்திய தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தேன். சரியாக விழுந்தது. அப்போதுதான் ஓட்டைகள் தெரிந்தன. ஜாக்கிக்குப் போட்ட நான்கு ஓட்டை வழியாகவும் ஹால் வெளிச்சம் உள்ளே வந்தது. அவரும் பார்த்திருக்க வேண்டும். வெளியே கட்டையைச் செதுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சுத்தியல் சத்தம். முதல் ஓட்டை இருண்டது. இரண்டாவதும் மூன்றாவதும் அடைபட்டன. நான்காவதற்கு முளை பொருந்தவில்லை போலிருக்கிறது, எடுத்து மறுபடி செதுக்கினார். அதுவும் அடைபட்டது.

நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். குழாயைத் திறக்கவில்லை, இருமவில்லை. இத்தனை சண்டையும் மலருக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு வருஷமாக அழக்கூட எனக்கு இடமில்லாமல் இருந்திருக்கிறது. இப்போது அழுதேன். நன்றாகவே அழுதேன்.

வெளியே டிவி சத்தம் கூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் கதவைத் தட்டினார். ஒரு வருஷமாக இந்த வீட்டில் தட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது.

"தனம், சரியா மூடுதா?"

"உள்ள ஆள் இருக்கு," என்றேன். "வெளிய வர நேரமாகும்."