படிக்கட்டில் விழுந்தவரின் தீக்காயம்

அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சுதாவுக்கு மெடிக்கல் கோடிங் வேலை. டாக்டர்கள் எழுதியதைப் படித்து, என்ன காயம், அது எப்படி ஏற்பட்டது என்று இரண்டுக்கும் குறியீடு போட வேண்டும். எழுதாததை ஊகித்துப் போடக் கூடாது. சந்தேகம் வந்தால் எழுதிய டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

பூபாலன் என்பவரின் கேஸ் ஷீட்டில் அப்படியொரு சந்தேகம் வந்தது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. வீட்டுப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார் என்று காரணம் எழுதியிருந்தது. அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, இடது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தீக்காயம். படிக்கட்டில் விழுந்தவரைச் சுட்டது எது?

டாக்டர் ஜெகதீஷிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"அவசரத்துல ரெண்டையும் சேர்த்து யோசிக்கல. வாங்க, அவரையே கேட்டுரலாம்" என்று எழுந்தார் அவர்.

தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டும் பூபாலன், மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். மனைவி ராஜகுமாரி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கால்ல சூடு எப்படிங்க பட்டுது?" என்று கேட்டார் டாக்டர்.

"டீ கொட்டிக்கினேன் சார்."

"டீயா இருந்தா வழிஞ்சிருக்கும். இது சைலன்சர் பட்ட மாதிரி இருக்கே?"

பூபாலன் கூரையைப் பார்த்தார். ராஜகுமாரி ஆரஞ்சைக் கீழே வைத்தாள்.

"நான்தான் சார் இவர இடிச்சேன்."

"ஏய், சும்மா இருமே!"

"நீ சும்மா இருய்யா" என்றவள் மளமளவென்று சொல்லிவிட்டாள். கரையான்சாவடி துணிக்கடையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பஸ் மாறிப் போக முடியாதென்று மொபெட் பழகினாள். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு காலி மனையில், அவர் முன்னால் நடந்தபடி வழி காட்ட, பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் இவள் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டாள். இடித்த வண்டி அவர் கால் மேலேயே சாய்ந்துவிட்டது.

"அத ஏங்க மறைச்சீங்க?" என்றாள் சுதா.

"போலீசு வந்து வண்டிய எத்துகினு பூட்டா, இவ அப்பறம் வண்டியயே தொடமாட்டா மேடம். கம்பெனில வேற, பொண்டாட்டி ஏத்திட்டாடான்னு ஓட்டுவானுங்க."

பொய்யைப் பிடித்த மிடுக்கோடு வந்திருந்த சுதாவுக்கு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாமல் திறந்துவிட்டதுபோல் கூச்சமாகிவிட்டது. "வாகனம் இடிச்சதுன்னா அப்படித்தாங்க எழுதியாகணும்" என்று மெல்லச் சொன்னாள்.

டாக்டர் காரணத்தைத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். போலீசுக்கும் தகவல் போயிற்று. வந்த ஏட்டு வண்டி பழக ராஜகுமாரி எடுத்திருந்த எல்.எல்.ஆர். உரிமத்தை வாங்கிப் பார்த்தார். புகார் ஏதும் இல்லை என்று பூபாலனிடம் எழுதி வாங்கிக்கொண்டார். "ஆளில்லாத எடமா பாத்துப் பழகும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வண்டியை யாரும் எடுத்துப் போகவில்லை.

நடந்து சென்றவர், இருசக்கர வாகனம் மோதிக் காயம், பொதுச்சாலைக்கு வெளியே: அதற்குரிய குறியீட்டைப் போட்டு சுதா வேலையை முடித்தாள்.

சாயங்காலம் கிளம்பும்போது, வராந்தாவில் ராஜகுமாரி எதிரே வந்தாள். கோபமாக இருப்பாளோ என்று சுதா தயங்கி நின்றாள்.

"மேடம், கட்டு பிரிச்சதும் திரும்பக் கத்துக்குடுக்கிறேன்றாரு. ஆனா இனிமே முன்னால நடக்க மாட்டாராம். பின்னால குந்திகினுதான் சொல்லித் தருவாராம்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுதாவும் சிரித்துவிட்டாள்.