பக்கத்து வீட்டுப் பிள்ளை

ஆமத்தூரில் செல்வமணி வாத்தியார் வீடு என்றால் அது கொடுக்கிற வீடு. கோயிலுக்கு மின்விசிறி வேண்டுமென்றாலும், ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு ஏதாவது குறைந்தாலும், முதலில் அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது முதல் பொருளை வாத்தியார்தான் எடுப்பார். அது ஒற்றை எலுமிச்சம்பழமாக இருந்தாலும் சரி, வேறு யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. அது சபையார் அந்த வீட்டுக்குக் கொடுத்திருந்த மரியாதை. "நம்ம வீட்டுல வாங்குன கையே கிடையாது" என்று வாத்தியார் சொல்லுவார். அவர் மகள் எவாஞ்சலின் அதை வேதவசனத்துக்கு அடுத்தபடியாக நம்பி வளர்ந்தவள்.

விருதுநகர்க் கல்லூரியில் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டுக்குப் போன பிறகுதான் அவளுக்கு மண்டைக் குடைச்சல் ஆரம்பித்தது. ஒருநாள் பேராசிரியை கரும்பலகையில் பணக்காரன் முதல் ஏழை வரை பத்து மனிதர்களை வரிசையாக வரைந்தார். "இதுதான் உலகம். உங்க குடும்பம் எத்தனையாவது ஆளுன்னு நினைக்கிறீங்க?" என்றார். எல்லாரும் நடுவில் கை காட்டினார்கள். எவாஞ்சலினும் நடுவில்தான் காட்டினாள். கணினியில் அப்பாவின் தலைமையாசிரியர் சம்பளத்தையும் வீட்டு ஆட்களையும் போட்டுப் பார்த்தபோது அவர்கள் வீடு ஏறக்குறைய வரிசையின் முன்னுக்கே வந்துவிட்டது. பின்னால் அத்தனை பேர் நின்றார்கள். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தவள் முட்டைப் பொரியலைத் தொடாமலே மூடினாள்.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. கடல் தாண்டி மழையில்லாமல் வாடும் ஒரு நாட்டுப் பிள்ளைகளுக்காக ஞாயிறு பள்ளியில் உண்டியல் வைத்தாள். கொடுக்கிறவர்கள் ஒரு கரை, வாங்குகிறவர்கள் மறு கரை, நடுவில் உப்புத் தண்ணீர். அவள் மனதில் உலகம் அப்படித்தான் இருந்தது. தான் எந்தக் கரை என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் சபை குருவானவர் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளையும் அதோடு வந்த பழைய படத்தையும் கொடுத்தார். அவர் மே மாதம்தான் மாற்றலாகி வந்தவர்.

"ஜெர்மனியில இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்கம்மா. அந்தக் காலத்துல நம்ம சபைப் பையன் ஒருத்தனை விடுதியில படிக்க வச்சவங்களாம். செல்வமணின்னு பேரு. இந்த ஊர்லயே நாலஞ்சு செல்வமணி இருக்காங்க, யாருன்னு தெரியல. நீ தமிழ்ல எழுதி ஞாயித்துக்கிழமை வாசிச்சிரு. பதிலும் நீயே போட்டுரு."

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தாள். விடுதிச் சீருடையில் ஒரு பையன் விறைப்பாக நின்றான். அவனுக்குப் பின்னால் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஒரு சிறுமி. அந்தச் சிறுமிக்கு எவாஞ்சலினின் முகம். அதே அகன்ற நெற்றி, அதே முகவாய். பையன் யார் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. அந்த விறைப்பு இன்றைக்கும் மாறவில்லை.

கடிதத்தை அந்த அம்மாளுக்காக எழுதியது அவருடைய மகள்.

"என் தாயார் எல்ஃப்ரீடாவுக்கு எண்பத்தேழு வயது, படுத்த படுக்கையாக இருக்கிறார். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் முப்பது வருடம் துணி துவைத்தவர். எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை. ஆனாலும் மாதந்தோறும் செல்வமணிக்குப் பணம் அனுப்பத் தவறியதில்லை. படத்தில் பின்னால் நிற்கும் சிறுமி பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றும், தீப்பெட்டி ஆலைக்குப் போகிறாள் என்றும் அவன் எழுதியிருந்தான். அவளையும் படிக்க வைக்கிறேன் என்று அம்மா கேட்டார். அவளுடைய வீட்டில் விருப்பமில்லை என்று பதில் வந்தது. அவள் என்ன ஆனாள், நலமாக இருக்கிறாளா என்று அம்மா இப்போதும் கேட்கிறார்."

எவாஞ்சலின் இரண்டு தரம் படித்தாள். கொடுத்தவள் துணி துவைக்கிறவள். வாங்கினது அவள் அப்பா. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று யாரும் இல்லை. அது அப்பாவின் அக்கா ஹெப்சிபா. ஆனைக்குட்டத்தில் இருக்கிற அத்தை, இன்றைக்கும் வெடிக் கம்பெனிக்குப் போகிறவள்.

அப்பாவிடம் தாளை நீட்டினாள். வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படித்து முடித்தும் தாளை மடிக்கவில்லை.

"அப்பா, இது நீங்கதானே?"

"ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளையைத்தான் விடுதியில சேப்பாங்க. அதுவும் வீட்டுல வேற சம்பாத்தியம் இருந்தா கிடையாது. அக்கா வேலைக்குப் போறது தெரிஞ்சா என்னை நிப்பாட்டிருவாங்க. போட்டோவுல அவ வந்து நின்னுட்டா. தாத்தா சொன்னாரு, நான் எழுதினேன். எனக்கு ஒன்பது வயசு."

"அத்தையையும் படிக்க வைக்கேன்னு அவுக கேட்டிருக்காகளே?"

"அவ கூலியிலதான் உலை கொதிச்சிச்சு." வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "சபையில வாசிக்கும்போது பேர் வேண்டாம். ஒரு பையன்னு சொல்லு, போதும். அந்தப் பிள்ளை சமாச்சாரமும் வேண்டாம். அது நம்ம குடும்பத்து விஷயம்."

அவர் கோபப்பட்டிருந்தால் எவாஞ்சலினும் கோபப்பட்டிருப்பாள். அவரோ பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைத் திருத்துகிற குரலில் சொன்னார். எதை எதிர்ப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அப்பா செய்தது தப்பு என்று நினைத்தாள். அந்தத் தப்பு இல்லையென்றால் அப்பா வாத்தியார் இல்லை, தான் கல்லூரியில் இல்லை என்றும் நினைத்தாள்.

சனிக்கிழமை சாயந்தரம் பஸ் ஏறி ஆனைக்குட்டம் போனாள். தீபாவளிக்கு மூன்று வாரம், பட்டாசு சீசன் உச்சத்தில் இருந்தது. நாரணாபுரத்துக் கம்பெனி வேனிலிருந்து அத்தை இறங்கி வந்தாள். நகக்கண்ணெல்லாம் வெடிமருந்தின் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது.

"ஏட்டி எவா! என்ன இம்புட்டுத் தூரம்? அங்கன எல்லாரும் சொகந்தானே?"

"சொகந்தான் அத்தே. ஒரு கடிதாசி வந்திருக்கு. உங்ககிட்ட வாசிக்கணும்."

"வாசி. ஆனா காப்பி குடிச்சிட்டு வாசி. உங்க வீட்டுக் காப்பி மாதிரி இருக்காது, முகத்தைச் சுளிக்கப்பிடாது."

அடுப்பில் பால் காய்கிற நேரத்தில் எவாஞ்சலின் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். காலனியில் அத்தை இரண்டு வருடம் முன்னால் கட்டிக்கொண்ட வீடு அது. வறுமையை அளக்கப் பேராசிரியை கொடுத்த கேள்வித்தாள் அவளுக்கு மனப்பாடம். கேஸ் அடுப்பு இருந்தது. கழிப்பறை இருந்தது. சிமெண்டுத் தரை, டிவி, செல்போன் எல்லாம் இருந்தன. அந்தத் தாளின்படி அத்தை ஏழை இல்லை. பாலை இறக்கிவைத்த அத்தை இருமினாள். இருமல் நிற்க நேரமானது. அதற்கு அந்தத் தாளில் கேள்வியே இல்லை.

கடிதத்தை வாசித்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ற இடத்தில் அத்தை தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னொருக்கா வாசி."

வாசித்தாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னா எழுதுனான்?" அத்தை சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. "அவுக என்னையும் கேட்டாகளா? எனக்கு யாரும் சொல்லலையே."

"தாத்தா வேண்டாம்னு சொல்லிட்டாகளாம்."

"அவுக என்ன உத்தியோகம் பாத்தாகன்னு போட்டிருக்கு?"

"ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற வேலை."

"துணி துவைச்சா அனுப்புனாக?" அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். "நாங்க அவுகள அரமனைக்காரின்னுல்லா நெனச்சிருந்தோம்! அவுக படத்துக்கு உங்க தாத்தா எந்திரிச்சு நின்னு கும்புடு போடுவாக. அட கெடுவே, அவுகளும் என்னைய மாதிரித்தானா?"

எவாஞ்சலின் கடிதத்தை மடித்தாள். அந்த அம்மாளும் அத்தையும் ஒரே மாதிரியா? ஒருத்தியின் கூலியில் மிஞ்சியது கடல் தாண்டி ஒரு பையனைப் படிக்க வைத்தது. இன்னொருத்தியின் கூலி அதே பையன் வீட்டில் சோறு பொங்கி அன்றன்றைக்கே தீர்ந்தது. அந்தப் பத்துப் பேர் வரிசையில் இவர்களை எங்கெங்கே நிறுத்துவது?

"அத்தே, நாளைக்குச் சர்ச்சுல உங்க சமாச்சாரத்தையும் சேத்து வாசிக்கட்டுமா? அப்பா வேண்டாங்காக."

"வாசிக்காதே." அத்தை சட்டென்று சொன்னாள். "வாசிச்சா, நாளைக்கு என்னையப் பாத்து ஊரே உச்சுக் கொட்டும். பதினொரு வயசுல இருந்து என் கையை நம்பித்தான் இருக்கேன். ஒருத்தன்ட்ட நின்னதில்ல. இப்பப் போயி அய்யோ பாவமா?" தம்ளரை எடுத்துக்கொண்டே, "ஆனா அந்த அம்மாவுக்கு நெசத்தை எழுதிரு. படுத்த படுக்கையில கெடந்துக்கிட்டு என்னையக் கேக்காகல்ல. அவுகளுக்கு மட்டும் பொய் வேண்டாம்" என்றாள்.

கொடுக்கிற வீடு என்ற பெயரை முதலில் சம்பாதித்த கை எது என்று எவாஞ்சலின் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் வாசித்தாள். பேரைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்த இடத்தைத் தாண்டும்போது நாக்கு இடறியது. முன்வரிசையில் வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஏலம் போடுகிற காலேப் மைக்கைப் பிடித்தார். "யாருய்யா அந்தப் பையன்? வெள்ளைக்காரி சோத்துல வளந்தது யாரு? எந்திரிச்சு நில்லுலே!"

"நம்ம டென்னிஸாத்தான் இருப்பான்," என்றது ஒரு குரல். "அவந்தான் இன்னைக்கும் யார் குடுத்தாலும் வேண்டாங்கமாட்டான்!"

சபையே சிரித்தது. டென்னிஸும் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். வாத்தியார் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் பொருள், நாட்டுச் சேவல்! வாத்தியாரய்யா, கேளுங்க!"

வாத்தியார் வாய் திறக்கவில்லை. காலேப் இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் யாரோ கூச்சத்தோடு கேட்க, சேவல் வேறு வீட்டுக்குப் போனது.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு எவாஞ்சலின் பதிலைத் தட்டச்சு செய்து அப்பாவிடம் காட்டினாள். மறைத்து அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. 'அந்தச் சிறுமி பக்கத்து வீட்டுப் பிள்ளை அல்ல. அவர் என் அப்பாவின் அக்கா ஹெப்சிபா' என்று எழுதியிருந்தாள். அனுப்பாதே என்று சொல்வார், அப்புறம் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைக்கவில்லை.

வாத்தியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இது நீ எழுத வேண்டிய கடிதம் இல்ல. என் பேர்ல எழுது. 'என் அக்கா'ன்னு மாத்து."

மாற்றினாள்.

"கீழே, 'நலமாக இருக்கிறாள்'னு போடு."

விசைப்பலகையில் அவள் விரல் நின்றது. "அப்படிப் போடலாமாப்பா?"

"ஏன், உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"தெரியலப்பா. இருமுறாக. ஆனா சிரிக்காக. வீட்டுல எல்லாம் இருக்கு. நல்லா இருக்காகளா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

கிறிஸ்துமஸுக்கு அக்காதான் தம்பி வீட்டுக்கு வருவாள், கொடுக்கிற சேலையை வாங்கிக்கொண்டு போவாள். அதுதான் வழக்கமாக இருந்துவந்தது. வாத்தியார் எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய், திரும்பாமலே நின்றார்.

"எவா, ஆனைக்குட்டம் போயி எந்தப் பக்கம் திரும்பணும்? அவ வீடு எதுன்னு எனக்குத் தெரியாது."