உதட்டுக்கா, பூட்டுக்கா

டப்பியின் மூடியைத் திறந்ததும் சின்னவளின் முகம் மாறிவிட்டது. அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, துணியில் நெசவுக் குற்றம் தேடுகிற மாதிரி உற்றுப் பார்த்தாள்.

“அக்கா, இதுல யாரு கை வச்சது?”

“நான்தான். என் உதட்டுக்குன்னுதானே குடுத்தே?”

“உன் விரல் இவ்வளவு தடியா? இங்க பாரு, கறுப்பா ஒரு இழுப்பு. மோந்து பாரு, இரும்பு வாடை அடிக்குது.”

“மூக்கு அடைச்சுத்தான் வாயைத் திறந்துட்டுத் தூங்குறேன். என்னைப் போயி மோந்து பாருங்கிறியே.”

அக்கா கட்டிலில் இரண்டு தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு விட்டதிலிருந்து அவளுக்கு இந்தக் கட்டில்தான் வீடு. வலிக்குக் கொடுத்த மாத்திரைகள் வலியைக் குறைத்தனவோ இல்லையோ, வாயில் இருந்த ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டன. உதடு வெடித்து, சிரித்தால் ரத்தம் வந்தது. கடையில் வாங்கிப் பூசியது எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தங்கைதான், கறிக்கடையில் மாட்டுக் கொழுப்பு வாங்கி உருக்கி, வீட்டிலேயே ஒரு லிப் பாம் செய்துகொண்டு வந்தாள். முதல் டப்பி தீர்வதற்குள் வெடிப்பு மூடிவிட்டது. அக்கா பழையபடி வாய்விட்டுச் சிரித்தாள்.

சிக்கல் இரண்டாவது டப்பியில் தொடங்கியது. வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று ஊற்றிக் கொடுத்தது, சில நாளில் குருணை குருணையாகத் திரிந்திருந்தது. சீக்கிரம் தீர்ந்தும் போனது. யாரோ அள்ளுகிறார்கள் என்று சின்னவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது. அதனால் மூன்றாவது டப்பிக்குத் தேன்மெழுகை இரண்டு பங்காகப் போட்டு இறுக்கினாள். கல்லு மாதிரி இருந்தால் எவன் அள்ளுவான் என்பது அவள் கணக்கு. இப்போது பார்த்தால் இதிலும் குருணை. போதாததற்குக் கறுப்பு இழுப்பு வேறு.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அக்கா, அக்காவின் புருஷன். அவர் பூட்டுக்காரர். முன்னறைதான் அவர் கடை. ஊரில் உள்ள பூட்டுக்கெல்லாம் சாவி வைத்திருக்கிறார், தன் வாய்ப்பூட்டுக்கு மட்டும் சாவியைத் தொலைத்துவிட்டார் என்று சின்னவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், அவர் காதுபடவே.

“அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. கொழுப்பு பூட்டுக்கு நல்ல மசகு.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? என் தையல் மெஷின் மிதி கிறீச்சுன்னு கத்துனப்போ நானே இதைத் தொட்டு வச்சேன். கப்புன்னு அடங்கிடுச்சு.”

“ஓஹோ. நீ செஞ்சதை அவரும் செஞ்சிருப்பாருங்கிறே.”

“நான் வழிச்சது சட்டியில ஒட்டுனதை. அவரு அள்றது உன் உதட்டுக்குன்னு வச்சதை.” சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “நீ விழுந்ததிலேருந்து சொல்லிட்டு இருக்கேன், என்கூட வந்துடு. ஒரு அறை சும்மா கிடக்கு. பொண்டாட்டி உதட்டுக்குள்ளதை எடுத்துப் பூட்டுக்குப் பூசுற மனுசன்கிட்ட நீ ஏன் கிடக்கணும்?”

அக்கா கூரையைப் பார்த்தாள்.

“சரி. பூட்டுக்குத்தான் போகுதுன்னு காட்டு. அன்னைக்கே உன்கூடக் கிளம்புறேன்.”

“நிஜமாவா?”

“துணிமணி கூட எடுத்து வச்சுக்கோ. ஆனா காட்டணும். சும்மா சொல்லக் கூடாது.”

சின்னவள் அன்றைக்குத் தன் வீட்டுக்குப் போகவில்லை. தைக்க வேண்டிய ரவிக்கைகள் காத்திருக்கட்டும் என்று, கறிக்கடையில் கொழுப்பு வாங்கிக்கொண்டு அக்கா வீட்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கிற வெள்ளைக் கொழுப்புதான் இதற்கு ஆகும். ஒட்டியிருந்த சிவப்பையும் சவ்வையும் கத்தி முனையால் நீக்கி, பொடிப்பொடியாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீரும் உப்பும் போட்டுச் சிறு தீயில் வைத்தாள். உருகியதும் மெல்லிய துணியில் வடிகட்டி ஆறவிட்டாள். மேலே கட்டியாக உறைந்த வெள்ளை வட்டத்தை எடுத்து, அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிப் போட்டு, மறுபடியும் உருக்கினாள். வாடை போக அது ஒன்றுதான் வழி.

பூட்டுக்காரர் தண்ணீர் குடிக்க வந்தார். சட்டியைப் பார்த்தார்.

“என்ன மாமா, பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“வேணும்னா கேளுங்க. தனியா ஒரு டப்பி தர்றேன்.”

“எனக்கு எதுக்கு?”

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். திருடன் மாதிரியே இருக்கிறது பேச்சு என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். குற்றமில்லாதவன் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருப்பான்.

தேன்மெழுகை முன்னைவிடக் கூடுதலாகவே போட்டாள். பாதாம் எண்ணெய் சேர்த்தாள். அப்புறம் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, புதினா எண்ணெயைச் சொட்டவிட்டாள். இனி இது எந்தப் பூட்டில் ஏறினாலும் அந்தப் பூட்டே வாய் திறந்து சொல்லிவிடும். டப்பியில் ஊற்றியதும் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் இறக்கி வைத்தாள். சட்டென்று உறைந்தால்தான் வழுவழுப்பு நிற்கும். தன்பாட்டுக்கு மெதுவாக ஆறவிட்டால் குருணை தட்டிவிடும். முதல் முறை செய்தபோதே பட்டுத் தெரிந்துகொண்டது அது.

“எரியுதுடி,” என்றாள் அக்கா, பூசியதும்.

“கொஞ்ச நேரந்தான். பொறுத்துக்கோ.”

“என்ன போட்டே இதுல?”

“வாசனைக்கு.”

“உதட்டுக்கு எதுக்கு வாசனை? இந்த வயசுல யாரு வந்து பாக்கப் போறா?”

மறுநாள் மத்தியானம் அக்கா கண்ணயர்ந்த நேரத்தில், சின்னவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கட்டில் பக்கத்து முக்காலியில் டப்பியைக் காணோம்.

அவளுக்குப் பாதி கோபம், பாதி சந்தோஷம். சத்தம் போடாமல் முன்னறைக்குப் போனாள். பூட்டுக்காரர் வாசலுக்கு வெளியே நின்று, யாரோ கொண்டுவந்த பெட்டியின் தாழ்ப்பாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்காக உள்ளே ஒரு பெண்மணி காத்திருந்தாள். அதையெல்லாம் பார்த்தால் வேலை நடக்குமா? சின்னவள் சுவரில் தொங்கிய பூட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்தாள். மண்ணெண்ணெய் வாடை. துரு. மறுபடியும் மண்ணெண்ணெய்.

“என்னம்மா தேடுறீங்க?” என்றாள் காத்திருந்தவள்.

“புதினா.”

அந்தப் பெண்மணி தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பெரிய பூட்டு, சின்னப் பூட்டு, கைப்பெட்டிப் பூட்டு, சைக்கிள் பூட்டு. ஒன்றிலும் இல்லை. ஆனால் புதினா வாசனை அறையில் இருந்தது, லேசாக, சூடாக. சின்னவள் அதன் பின்னாலேயே போனாள். ஊசி போன வழியே நூல் போகிற மாதிரி போய், வேலை மேசையில் நின்றாள். மேசை விளக்கின் தகரத் தொப்பி மேல் டப்பி உட்கார்ந்திருந்தது. உள்ளே பாதிக்கு மேல் உருகி, எண்ணெயாகப் பளபளத்தது.

“சுடும். தொடாதே.”

பூட்டுக்காரர் பின்னால் நின்றிருந்தார்.

“மாமா, இது இங்க எப்படி வந்துச்சு?”

“நான்தான் எடுத்தேன்.”

“எந்தப் பூட்டுக்கு?”

அவருக்குப் புரியவில்லை. “பூட்டுக்கு எதுக்கு இது? பூட்டுல கொழுப்பு போட்டா தூசி பிடிச்சு இறுகிப் போயிடும். பென்சில் தூள் போட்டாப் போதும்.”

“அப்புறம் எதுக்கு விளக்கு மேல?”

அவர் டப்பியைத் துணியால் பிடித்து எடுத்தார். சுண்டுவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அதன் நுனியால் தொட்டுப் பதம் பார்த்தார். எத்தனை துடைத்தாலும் அந்த விரலின் ரேகைகளில் இரும்புக் கறுப்பு இருந்தது.

“முதல்ல குடுத்தியே, அது நல்லா இருந்துச்சு. தொட்டா ஒட்டும். அப்புறம் குடுத்தது எல்லாம் கல்லு. விரலை அழுத்தித் தேச்சாத்தான் வரும். அந்த உதட்டுல அழுத்த முடியுமா? அதான் இளக்கிட்டு, அவ தூங்குறப்போ பூசிடுவேன்.”

“தூங்குறப்போ ஏன்?”

“முழிச்சிருந்தா சிரிப்பா. சிரிச்சா மறுபடி வெடிச்சுடும்.”

இவ்வளவு நீளமாக அவர் பேசி சின்னவள் கேட்டதில்லை. காத்திருந்த பெண்மணியும் சாவியை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பூசிட்டு டப்பியை என்ன பண்ணுவீங்க?”

“அங்கேயே வச்சிருவேன். தன்னால ஆறிக்கும்.”

தன்னால ஆறிக்கும். குருணை தட்டியது அதனால்தான் என்று சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் சட்டென்று விட்டுவிட மனம் வரவில்லை.

“இருங்க மாமா. முதல் டப்பிதான் நல்லா இருந்துச்சுங்கிறீங்க. அப்போ இரண்டாவது? அதுலதானே முதல்ல குருணை வந்துச்சு. அதுல மெழுகு அளவாத்தானே போட்டேன்.”

“அப்போ குளிர் வந்துடுச்சு. காலையில எடுத்தா இறுகிக் கிடந்துச்சு. சட்டைப் பையில வச்சு இளக்கினேன். நிறைய உருகி பையிலேயே போயிடுச்சு.” சட்டைப் பையை இழுத்துக் காட்டினார். அதில் பெரிய எண்ணெய்க் கறை இருந்தது. “அப்புறம் நீ கல்லாக்கிக் குடுத்தே. பைச்சூடு பத்தல. விளக்குக்கு வந்துட்டேன்.”

அவள் சந்தேகப்பட்டு மெழுகைக் கூட்டக் கூட்ட, அவர் சூட்டைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். கறை படிந்த அந்தப் பையிலிருந்து சின்னவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

“இந்தத் தடவை என்ன போட்டே?” என்றார் அவர். “அவளுக்கு எரியுது. நேத்துலேருந்து நாக்கால துடைச்சுக்கிட்டே இருக்கா.”

சின்னவள் அவர் கையிலிருந்து டப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். உதடு மட்டும் ஏதோ எதிர்பார்ப்பது போல லேசாகத் திறந்திருந்தது.

“நான்தான்,” என்றாள் சின்னவள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். “நீயா. என்ன, காட்டப் போறியா? பையைக் கட்டணுமா?”

“உனக்குத் தெரியும்ல?”

“எது?”

“அவரு பூசுறது. நீ தூங்கவே இல்லை.”

“தூங்குற மாதிரி கிடந்தாத்தான்டி வருவாரு. கண்ணைத் திறந்தா கையைப் பின்னால ஒளிச்சுக்குவாரு.”

“அப்புறம் ஏன் என்னைக் காட்டுன்னு சொன்னே? நேராச் சொல்லியிருக்கலாம்ல?”

“நீ எங்கே கேட்டே? கண்டுபிடிச்சுட்டேன்னுதானே வந்து நின்னே. நான் இல்லேன்னு சொன்னா நம்பியிருப்பியா? புருஷனுக்குப் பரிஞ்சு பேசுறேம்பே. பூட்டை எல்லாம் மோந்து பாத்தாத்தான் உனக்கு அடங்கும்.”

“மோந்து பாத்தது உனக்கு எப்படித் தெரியும்?”

“புதினான்னு நீ சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு.” அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கையால் பொத்திக்கொண்டாள். “சிரிக்க வைக்காதே. போ. போயி நல்லதா ஒண்ணு செய்.”

“என்கூட வரமாட்டே. அப்படித்தானே?”

“நடக்க ஆரம்பிச்சதும் வர்றேன். நாலு நாள் இருந்துட்டு வந்துடுவேன்.”

சின்னவள் அடுப்படிக்குப் போய், மிச்சமிருந்த கொழுப்பை உருக்கினாள். மெழுகைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். எண்ணெயைக் கூட்டினாள். வாசனை எதுவும் சேர்க்கவில்லை. டப்பியைத் தண்ணீர்த் தட்டில் இறக்கி, உறைந்ததும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுத்தாமலே ஒட்டியது. அதைக் கொண்டுபோய் முன்னறை மேசையில் வைத்தாள்.

“மாமா, இதை விளக்கு மேல வைக்க வேணாம். குளிர்ல கூட இளகித்தான் இருக்கும்.”

பூட்டுக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். டப்பியை எடுத்து மூடியைத் திறந்தார். அவளை ஒரு தடவை பார்த்தார், டப்பியை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், ஒருமுறைக்கு இரண்டுமுறையாக மெதுவாக மோந்து பார்த்தார்.