யூனிஸின் நெருப்புக்கு ஒரு மீன்

ஈரத்துணியால் அம்மா யூனிஸின் உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள் நோரீன். அம்மா கண்ணைத் திறந்து, "காகிதம் வரும்," என்றாள்.

"எந்தக் காகிதம்மா?"

"எனக்கு மீன் கேட்டு. கையெழுத்துப் போடாத."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? ஒரு வாய் தண்ணி குடி."

"போடாத," என்றாள் யூனிஸ். தண்ணீர் குடிக்கவில்லை. மதியத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது. சாகும்போதுகூட உத்தரவு போட்டுவிட்டுத்தான் போனாள் என்று அவள் தங்கை எர்மா அழுதுகொண்டே திட்டினாள்.

திட்டாமல் என்ன செய்வது? முன்பெல்லாம் இந்த வடகோடியில் எங்கள் யூக்கான் ஆற்றில் எப்போது வலை போடலாம் என்று சொல்லத் தெற்கிலிருந்து ஓர் அரசு அதிகாரி வருவார். அவரை நாங்கள் வாய் வலிக்கத் திட்டினோம். எங்கள் ஆற்றை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று இருபது வருடம் சண்டை போட்டு, ஆற்றுக் குழுவில் எங்களுக்குச் சரிபாதி இடமும் தலைவர் நாற்காலியும் வாங்கியவள் யூனிஸ். வாங்கிய கையோடு மீன் வரத்து அடியோடு குறைந்துபோனது. ஏழு வருடத்துக்கு யாரும் முட்டையிடக் கடலிலிருந்து ஏறிவரும் ராஜ சால்மன் மீனைப் பிடிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டதும் அவள்தான். இப்போது யாரைப் போய்த் திட்டுவது?

உத்தரவில் ஒரே ஒரு விலக்கு இருந்தது. இறந்தவருக்குப் பிடித்த உணவை நெருப்பில் இட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். அதற்காக ஒரு மீன் பிடிக்கலாம், தலைவர் கையெழுத்திட்டால். நாலு வருடத்தில் யூனிஸ் ஒருவருக்கும் கையெழுத்திடவில்லை. போன கோடையில் டோரா செத்துப்போனாள். அவளும் யூனிஸைப் போலக் காக்கைக் குலம். இரண்டு பேரும் அக்கா தங்கையாக வளர்ந்தவர்கள். டோராவின் கணவர் லெஸ்டர் கொண்டுவந்த விண்ணப்பத்தில் யூனிஸ் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் போனபிறகு வீட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். அதை நோரீன் மட்டும்தான் பார்த்தாள்.

காக்கைக் குலத்தில் சாவு விழுந்தால் ஓநாய்க் குலத்தார்தான் குழி வெட்ட வேண்டும், பெட்டி செய்ய வேண்டும், நெருப்புக்குச் சமைக்க வேண்டும். லெஸ்டர் ஓநாய்க் குலம். சாயங்காலம் மண்வெட்டியோடு வந்தார்.

"கோடையிலயும் ஒரு முழத்துக்குக் கீழ மண்ணு உறைஞ்சு கெடக்கு புள்ள. நாளைக்கு நெருப்பு மூட்டித்தான் தோண்டணும்," என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த விண்ணப்பத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் யூனிஸின் பெயர் எழுதியிருந்தது. ஆற்றுக் குழு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் நோரீன்; புதுத் தலைவர் வரும்வரை கையெழுத்து அவளுடையது.

"வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் போனாங்க பெரியப்பா."

"செத்தவங்களக் கேட்டா சமைக்கிறோம்? அது எங்க வேலை."

"டோரா பெரியம்மாவுக்குக் குடுக்கலையே."

"அவளுக்கு மூஸ் மான் விலா வெச்சேன். அவளுக்கு அது பிடிக்காது. எனக்காகத்தான் ஆயுசு பூராத் தின்னா." தேநீரை ஒரு வாய் குடித்தார். "சாப்பிட்டாளா என்னன்னு தெரியல."

எர்மாவுக்குப் பொறுக்கவில்லை. "போட்டுத் தொலைடி. ஒத்த மீனு. எங்கக்கா பட்டினியாவா போகணும்?"

தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் நோரீன். இதைப் போட்டால் இனி யாருக்கும் மறுக்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கடைசிப் பத்து நாளும் அம்மா எதையும் விழுங்கவில்லை. அம்மா சாப்பிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். போட்டாள்.

லெஸ்டர் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வலை போட்டு இரண்டாம் நாள்தான் மீன் விழுந்தது. பெண் மீன். அறுத்தபோது பலகையெல்லாம் முட்டை உருண்டது. எர்மா முட்டைகளைக் கையால் வழித்து ஒரு பாத்திரத்தில் போட்டு மூடினாள்.

பெட்டியை இறக்கி மண் தள்ளியபிறகு, லெஸ்டர் குழிக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டினார். முதலில் தலையை வைத்தார், பிறகு வயிற்றுக் கொழுப்பை, பிறகு முட்டையை. கொழுப்பு உருகிப் பொரிந்தது. நாலு கோடையாக ஊரில் இல்லாத வாசனை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்கள். நோரீனுக்கு எச்சில் ஊறியது. அம்மாவைப் புதைத்த இடத்தில் நின்றுகொண்டு இப்படியா என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஆற்றுக் குழு அலுவலகத்தைத் திறந்தாள். நாட்டு எல்லையில் ஆற்றில் ஏறிவரும் மீனை எண்ணுகிறவர்களிடமிருந்து போன் வந்தது. நேற்று முழுக்க இந்தப் பக்கம் ஏறியவை பதினேழே பதினேழு. அதை எழுதி முடிப்பதற்குள் லெஸ்டர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"டோராவுக்கு," என்று தாளை நீட்டினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எங்கண்ணனுக்கு," என்றாள் அவருக்கு அடுத்து நின்ற பெஸ்ஸி. "செத்து மூணு வருசமாச்சு. பரவால்லையா?"

"பசிக்கு ஏது கெடு?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நோரீன் டோராவின் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "உக்காருங்க பெரியப்பா," என்றாள். அவர் உட்காரவில்லை. தாளை மார்போடு பிடித்துக்கொண்டு வழிவிட்டு நின்றார்.

வரிசை வாசலைத் தாண்டிப் படியிறங்கிப் போனது. கடைசியில் நின்றவர்கள் இன்னும் விண்ணப்பத் தாளே வாங்கவில்லை. அவர்களுடைய வண்டிகள் ரோட்டோரம் நின்றன. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் வலை கிடந்தது. மழை பெய்து பத்து நாளாகிறது. வலைகளிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.