காட்டேரிக்குப்பம் பஸ் வரும்வரை

சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வாட்ச்மேன் சம்மந்தம். காலை எட்டு அடித்தால் கேட்டைப் பூட்டிவிடுவார். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அன்றைக்கு வேலை கிடையாது. எவன் சொல்லும் கதையையும் அவர் நம்பியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்பான், வாயில் பிரியாணி வாசனை அடிக்கும்.

மூன்றாம் வகுப்பில் அவருக்கும் இதே கதிதான். மாட்டைக் கட்டிவிட்டு ஓடி வந்தவரைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார்கள். வெயிலில் நின்று பார்த்தார், வீட்டுக்குத் திரும்பினார், அப்புறம் போகவே இல்லை. நமக்கு எவன் பாவம் பார்த்தான் என்பது அவர் கட்சி.

காட்டேரிக்குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் பிரேமா மட்டும் தினமும் அவர் கூண்டுக்குள் தலையை நீட்டுவாள்.

"இன்னிக்கு எந்த லாரி வருதுண்ணா, பாப்பம்."

சுவரில் ஒட்டிய தாளைச் சத்தமாகப் படிப்பாள். வண்டி நம்பர், டிரைவர் பேர், எல்லாம்.

"ஊர் வம்பு உனக்கு இன்னாத்துக்கு?"

"சும்மாதாண்ணா." சிரித்துக்கொண்டே ஓடிவிடுவாள்.

மாசியில் ஒருநாள் கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டன. பஸ் பிந்தியது. எட்டு அடிக்கும்போது பிரேமா இருபதடி தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தாள். கரும்பு வண்டி சமாச்சாரம் சம்மந்தத்துக்குத் தெரியாததா? தெரிந்துதான் தாழ்ப்பாளைப் போட்டார். அவள் கெஞ்சவில்லை. கம்பியைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றாள். "சரிண்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

மறுநாள் வரவில்லை. சம்மந்தம் தாளை உற்றுப் பார்த்து எழுத்துக் கூட்டுவதற்குள் ஹாரன் அலறியது. தப்பான லாரியை உள்ளே விட்டு, சூப்பர்வைசர் அரிகரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்போதுதான் உறைத்தது, ஒன்றரை வருஷமாய் அந்தப் பெண் யாருக்காகப் படித்தாள் என்று. ஒருநாள்கூட அவரைக் குறைவாய்ப் பார்த்ததில்லை.

அவள் ஊர்க்காரி மஞ்சுளாவிடம் விசாரித்தார்.

"கடலக் கொல்லையில மல்லாட்டை புடுங்கப் போறா. கேட்டுல நிக்கற மானக்கேடு வாணாமாம்."

"இனிமே சாத்த மாட்டேன்னு சொல்லு."

"நீ சொன்னா எவ நம்புவா?"

இப்போதெல்லாம் எட்டு அடித்தாலும் காட்டேரிக்குப்பம் பஸ் வரும்வரை அவர் தாழ்ப்பாளைத் தொடுவதில்லை.

"இன்னா சம்மந்தம், மணி பாக்கலியா?" என்பார் அரிகரன்.

"பஸ்ஸு வரட்டும் சார்."

பஸ் வரும். நாலைந்து பேர் இறங்கி ஓடி வருவார்கள். அவர்களை உள்ளே விட்டுவிட்டு, பஸ் நகர்ந்து புழுதி அடங்கும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். இன்னும் சுவரில் ஒட்டாத அன்றைய தாள் கையிலேயே இருக்கும்.