ஓரம் வெட்டாத படம்

இயக்குநர் ஹேமநாதனின் மூன்றாவது படம் வீடியோ கேசட்டாக வெளிவந்த வாரத்தில் மரியநாதனின் இடது கை முழங்கைக்குக் கீழே காணாமல் போனது. வலி இல்லை, ரத்தமும் இல்லை. காலையில் சட்டை போட்டவர், கை வெளியே வராததைப் பார்த்துச் சட்டையைக் கழற்றி உதறினார். காரணம் தெரிய, அவர் வேலை செய்த தோட்டத்து மக்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. எண்பத்தாறில் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் ஹேமநாதன் அந்த ரப்பர் தோட்டத்து ஆட்களையே நல்ல உடுப்பில் வரிசையாக நிற்க வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல ஒரு காட்சி எடுத்திருந்தார். வரிசையின் ஓரத்தில் நின்றவர் மரியநாதன். தியேட்டரின் அகலத் திரையில் எல்லாரும் முழுசாகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்தக் காலத்து டிவி சதுரம். படத்தின் இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டுத்தான் கேசட்டில் அடைத்தார்கள். ஒரு பக்கத்து வெட்டு மரியநாதனின் முழங்கையில் விழுந்தது. மறுகோடியில் நின்ற கிராணி மதிவாணனுக்கு ஒரு காது போயிற்று. அவர் ஆபீசில் கணக்கெழுதுகிறவர். அதற்கு முன்பும் தொழிலாளி சொன்ன எதையும் அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை என்பதால் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

ஒற்றைக் கையால் ரப்பர் பாலுக்கு மரம் வெட்ட முடியாது. மரியநாதன் தாயோடு சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாசிர் கூடாங்குக்கு வந்து ஓர் எண்ணெய் ஆலையின் வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலைக்குச் சேர்ந்தார். கதவைத் திறந்து மூட ஒரு கை போதும். அங்கேதான் டோரிஸைக் கட்டினார். பெண் பார்க்க வந்த அன்று கையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தோழிகளிடம், ஒரு கைக்காரன் அதிகம் வம்புக்குப் போகமாட்டான் என்று கணக்குப் போட்டதாகச் சொன்னாள். கல்யாணமான வருஷமே உறவுக்காரர் வீட்டில் அந்தக் கேசட்டைப் பார்த்தாள். அன்றைக்குப் போனது அவள் நிம்மதி. படத்தில் மரியநாதனின் இடது கை சும்மா தொங்கவில்லை. லேசாக விலகி, சட்டத்துக்கு வெளியே நீண்டிருந்தது. யாரோ ஒருவர் கையைப் பிடித்திருப்பவன்தான் அப்படி நிற்பான்.

"யாரு கைய புடிச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"தெரியல டோரிஸ். அந்த நெனப்பும் கையோட போயிருச்சு" என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மை. அவள் நம்பவில்லை என்பதும் உண்மை. இல்லாத கையை அவ்வப்போது யாரோ இழுப்பதாக அவர் சொல்வார். இழுக்குது என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததுமே டோரிஸ் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தம் வரும்படி கழுவுவாள். அந்த வீட்டில் நிம்மதியில்லாத இன்னொருத்தி மரியநாதனின் தாய் ஆரோக்கியமேரி. சாப்பாட்டு நேரத்தில் எப்போதும் ஒரு தட்டு கூடுதலாக வைப்பாள். பஸ்ஸில் ஏறினால் திரும்பித் திரும்பித் தலைகளை எண்ணுவாள். "யாருக்குத்தான் அத்தை வைக்கிறீங்க?" என்று டோரிஸ் கடிந்துகொண்டால், "தெரியலம்மா, என்னமோ ஒண்ணு கொறையுது" என்பாள். அதையே சொல்லிக்கொண்டு ஒரு மழைக்காலத்தில் செத்தும் போனாள். அதன் பிறகு தட்டுகள் சரியாக வைக்கப்பட்டன.

சென்ற ஆண்டு, ஹேமநாதன் இறந்து பல வருஷம் கழித்து, அவருடைய ஆறு படங்களையும் துப்புரவாக்கி, ஓரம் வெட்டாமல், டிஸ்க் செட்டாக ஒரே பெட்டியில் போட்டு விற்பனைக்கு விட்டார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் அட்ரியன்தான் போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அதற்குள் தெப்ராவில் மகள் வீட்டில் இருக்கும் கிராணி மதிவாணன் வாங்கி, ஓட்டி, காதைத் திரும்பப் பெற்றிருந்தார். வந்தது எண்பத்தாறாம் வருஷத்துக் காது. சுருக்கமில்லை, முடியில்லை. அதன் மேல் செருகியிருந்த பென்சிலும் கூடவே வந்தது. ஊர் இதிலிருந்து இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டது. போன உறுப்பு அன்று எதை வைத்திருந்ததோ அதோடுதான் வரும். இரவல் செட் உதவாது, அவரவர் வாங்கி அவரவர் வீட்டில் ஓட்ட வேண்டும். அட்ரியன் தெப்ராவுக்குப் போய் கிராணியின் செட்டைப் போட்டுப் பார்த்தான். கிராணியின் காது பளிச்சென்று தெரிந்தது. அப்பா நின்ற ஓரத்தில் மட்டும் வெறும் வெயில்தான் இருந்தது.

அவன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது டோரிஸ் பென்சிலை மட்டும் பிடித்துக்கொண்டாள். பென்சில் வந்த மாதிரி, அன்று அவர் கையைப் பிடித்திருந்தவளும் வருவாள். இருபது வயதில், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், தலையில் பூவோடு, தன் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலில் வந்து நிற்பாள். முட்டி வலிக்கும் தனக்கு அப்புறம் அந்த வீட்டில் என்ன மரியாதை? இதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதனால் மற்றதையெல்லாம் சொன்னாள். டிஸ்க் ஓட்டுகிற மெஷின் நம்மிடம் இல்லை என்றாள். அட்ரியன் மெஷின் வாங்கி வந்தான். டிவி மேசையில் இடமில்லை என்றாள். அவன் இடம் ஒதுக்கினான். மறுநாள் அந்த இடத்தில் மாதா சிலையும் பிளாஸ்டிக் ரோஜாவும் இருந்தன. ஆறு படத்தில் ஐந்து யாருக்கும் வேண்டாதது, எதற்குத் தண்டம் என்றாள். அட்ரியன் போனில் செட்டைக் கூடைக்குள் போடுவான், அவன் குளிக்கப் போகிற நேரம் பார்த்து டோரிஸ் எடுத்துவிடுவாள். போனைத் திறக்க அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

"வாங்கிடலாம்மா. அப்பாவுக்குக் கை கெடைக்கும் லா."

"இத்தன வருஷம் ஒத்தக் கையால சாப்பிடல? உன்னத் தூக்கி வளக்கல? இப்ப என்ன அவசரம்?"

மரியநாதனைக் கேட்டால் "ஒங்கம்மா இஷ்டம்" என்பார். அதுவே டோரிஸுக்கு எரிச்சலாக இருந்தது. வேண்டும் என்றால் சண்டை போடலாம், வேண்டாம் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டும் சொல்லாத மனிதரை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். துவைத்த திரைச்சீலையை மறுபடி துவைத்தாள். பெர்மாஸ் ஜெயாவில் தங்கை வீட்டுக்குப் போனவள் தேநீர் ஆறுவதற்குள் திரும்பி வந்தாள். பூசையில் எல்லாரும் உட்காரும்போது நின்றாள், நிற்கும்போது உட்கார்ந்தாள். செட் விற்றுத் தீர்ந்துபோகட்டும் என்று ஜெபித்தாள். பிறகு அப்படி ஜெபித்ததற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். மரியநாதனின் கையோ முன்னைவிட அதிகமாக இழுபட்டது. வேலைக்குப் போகிற வழியில் நின்று, ஆளில்லாத பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

ஒரு நாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது, வழக்கம்போல் டோரிஸ் அவருடைய இடது சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். வெறும் துணி அவள் விரலுக்குள் துடித்தது.

"இழுக்குதா?"

"ம்."

அடுப்படிக்குப் போக எழுந்தவள் என்ன நினைத்தாளோ, நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"எந்தப் பக்கமா இழுக்குது?"

மரியநாதன் கண்ணை மூடி யோசித்தார். "கீழதான். எப்பவும் கீழதான் இழுக்குது."

டோரிஸ் ஊக்கைக் கீழே வைத்தாள். வளர்ந்த பெண் ஆணின் கையைப் பக்கவாட்டில் இழுப்பாள், முன்னால் இழுப்பாள். கீழே இழுப்பது யாரென்று பிள்ளை வளர்த்தவளுக்குத் தெரியும். பசார் மாலாம் இரவுச் சந்தையில் விளையாட்டுச் சாமான் கடையைத் தாண்டும்போது அட்ரியன் அப்படித்தான் இழுப்பான், அவளுடைய தோளே கழன்றுவிடும். அத்தை வைத்த தட்டு ஞாபகம் வந்தது. அந்தத் தட்டை எத்தனையோ முறை வெடுக்கென்று எடுத்து அலமாரியில் வைத்தது அவள்தான். உட்கார்ந்து அழுதாள். அழுது முடிப்பதற்குள் அட்ரியனுக்குப் போன் போட்டாள். அவன் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான்.

"அந்தச் செட்ட வாங்குடா. இப்பவே வாங்கு."

"அலமாக், ரோட்டுல நிக்கிறேன்மா!"

"நின்னுகிட்டே வாங்கு."

பெட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் டோரிஸ் மாதா சிலையை நகர்த்தி வைத்தாள். மரியநாதனை நடுவில் உட்கார வைத்து, ஊக்கைக் கழற்றி, சட்டைக் கையை விரித்துவிட்டாள். மூன்றாவது படம் ஓடியது. பஸ் காட்சி வந்தது. திரையின் ஓரத்தில் இளம் மரியநாதனின் முழங்கை, அதற்குக் கீழே கை, அந்தக் கையைப் பிடித்தபடி ஒரு காலுறை சரிந்துபோன, மஞ்சள் கவுன் போட்ட ஆறு வயதுப் பெண். சட்டைக் கை நிரம்பியது. வந்தது இருபத்தொரு வயதுக் கை, நகத்தில் ரப்பர் பால் கறை, கட்டைவிரலில் உளி கிழித்த தழும்பு. அதைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் அவள் நின்றாள்.

"அண்ணே, பஸ்ஸு இன்னும் வரலியா?" என்றாள்.

பெயரும் கையோடு வந்தது. "செசிலியா" என்றார் மரியநாதன். குழந்தை நிமிர்ந்து அந்தக் கிழட்டு முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். ஆனால் கையை விடவில்லை. கை அண்ணனுடையதுதான். முகம் பழக ஒரு மாதம் ஆயிற்று, அதுவரை அவரிடம் பேச வேண்டியதையெல்லாம் அந்தக் கையைப் பார்த்தே பேசினாள். டோரிஸ் முட்டி வலியோடு மண்டியிட்டு அவள் காலுறையை ஏற்றிவிட்டாள். பிறகு போய் நாலு தட்டு வைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த வருஷத்தைப் பார்த்துச் சற்றுக் குழப்பம் நேர்ந்தது. தலைமையாசிரியை குழந்தையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், முதல் வகுப்பில் உட்கார வைத்தார். பாதி வெட்டுப்பட்டவர்களைப் பற்றித்தான் அந்தத் தோட்டம் இத்தனை வருஷமும் பேசியிருந்தது. முழுதாக வெட்டுப்பட்டவர்கள் யார் நினைவிலும் இல்லை. செசிலியா வந்த செய்தி பரவியதும், அங்கிருந்து பிரிந்து வந்த குடும்பங்கள், யாரையும் தொலைத்ததாக நினைவில்லாதவர்கள்கூட, ஆளுக்கொரு செட் வாங்கினார்கள். ஹேமநாதனின் மற்றப் படங்களில் இரண்டை செசிலியா பார்த்துவிட்டு, பாட்டே இல்லை, போர் என்றாள். பெட்டி இப்போது மாதா சிலைக்குப் பின்னால் இருக்கிறது. அந்த வீட்டில் பிறந்தநாள், கல்யாணம் எதற்குப் படம் எடுத்தாலும், போனைப் பிடித்திருப்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி, டோரிஸ் முதலில் செசிலியாவைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகிறாள், ஓரத்தில் தான் நின்றுகொள்கிறாள்.