நனையாமல் இறங்கிய சுங்குடிப் பாய்

தறிக்குழிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, பாவு நூலை வலது கையில் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யானாலும் இந்த நூல் இப்போதே அறுந்து போகட்டும். பாருங்கள், அறவில்லை. ஆகவே தொடங்கலாம்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம். சித்தையன்கோட்டைப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் காற்று, அந்த மாதத்தில் யாரையும் ஓர் இடத்தில் உட்கார விடாது. உட்கார்ந்தால் துண்டு பறக்கும். துண்டைப் பிடிக்க எழுந்தால் நாற்காலி போய்விடும். அந்த வருஷம் கோழிகள் முன்னால் நடந்து பின்னால் போய்ச் சேர்ந்தன. கண்ணால் பார்த்தேன்.

ஆரோக்கியம்மாள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு வட்டக்கண்மாயின் கிழக்குக் கரை. இவர்கள் மேற்குக் கரை. சம்பந்தி வீட்டாருக்குக் கொடுக்கும் சுங்குடிச் சேலைகளைச் சின்னாளபட்டியில் நான் நெய்ய, என் வீட்டுக்காரி செல்லக்கிளி முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றினாள். கொண்டுபோய்க் கொடுக்கப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சேலைகள் அக்கரைக்குப் போயாக வேண்டும். பஸ்ஸோ வரவில்லை. ஆரோக்கியம்மாள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தாள். நானும் அவள் பின்னால் நடந்தேன், சும்மா நிற்க முடியாமல்.

சுங்குடிக்கு ஒரு குணம் உண்டு. முதல் தண்ணீரில் சாயம் விடும். உப்புப் போட்டு ஒவ்வொன்றாக அலசினால் சரி. மொத்தமாக நனைந்தால் சிவப்பு பச்சையில் ஏறி, பச்சை மஞ்சளில் ஏறி, எல்லாம் வெஞ்சனச் சட்டி துடைத்த துணியாகிவிடும். மாப்பிள்ளையின் அம்மா வியாகுலம்மாளோ, சேலையில் ஒரு கறை இருந்தாலும் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

“என் படகு இருக்குல்லக்கா,” என்றான் ஆரோக்கியம்மாளின் தம்பி ஜெரோம். தூத்துக்குடியில் ஒரு படகு மன்றத்துக் கேன்டீனில் சமையல் செய்துவிட்டு வந்தவன். வந்ததிலிருந்து படகைத் தவிர வேறு பேச்சில்லை. “காத்து நம்ம முதுகுல அடிக்குது. செத்த நேரத்துல கொண்டுபோய் இறக்கிருவேன்.”

“ஏலே, சேலையில ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சு, ஒன் தோலை உரிச்சு அந்தம்மாளுக்குக் குடுத்துருவேன்.”

அவள் மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போன நேரத்தில் ஜெரோம் என் காதைக் கடித்தான். மைதா மாவுச் சாக்கில் தைத்த பெரிய பாய் ஒன்றுதான் அவனிடம் இருந்தது. அது போதாதாம்.

“முன்னால பலூன் மாதிரி உப்புற பாய் ஒண்ணு கட்டணும்ணே. ஸ்பின்னேக்கர்ம்பாங்க. கட்டுனா பறக்கும்.”

“துணிக்கு எங்க போவ?”

அவன் கண் சேலைகள் இருந்த டிரங்குப் பெட்டி மேல் போனது.

ஓரத்தோடு ஓரம் ஓட்டுத்தையல் போட்டுச் சேலைகளை ஒன்றாக்கினோம். பெட்டிக்குள் தலையணைகளை அடைத்துப் பூட்டிப் படகில் ஏற்றினோம். ஆரோக்கியம்மாள் வந்து அதன் மேல் காவலாக உட்கார்ந்துகொண்டாள். பலூன் பாயின் மேல்கயிற்றைப் பாய்மரத்தின் அடியில் கட்டும் வேலை எனக்கு.

“அவுறாமக் கட்டுண்ணே,” என்றான் ஜெரோம்.

நெசவாளியிடம் சொல்கிற சொல்லா அது? தறியில் அறுந்த இழைக்குப் போடும் முடிச்சைப் போட்டேன். இழுக்க இழுக்க இறுகும். தறியில் அதுதான் அதற்குப் பெருமை.

பாய் விரிந்தது. அண்ணாந்து பார்த்த ஆரோக்கியம்மாள் கரையை அடையாளம் கண்டுகொண்டாள். கண்மாய்க் கரையை அல்ல, சேலைக் கரையை. அவள் ஜெரோமைத் திட்டியதில் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. மீதியை எழுத முடியாது. படகு முழங்கால் உயரம் எழும்பியது. அடியில் ஒரு கொக்கு நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறியது. கரை ரோட்டில் போன கன்னிவாடி பஸ்ஸைத் தாண்டினோம், கண்டக்டர் எட்டிப் பார்த்து, “எங்க இறங்கணும்?” என்று கேட்டார். எங்களுக்குப் பின்னால் தண்ணீர் சிதறவில்லை, புழுதி எழுந்தது. அத்தனை வேகம்.

கிழக்குக் கரைப் பனைகள் எங்களை நோக்கி ஓடிவந்தன.

“பாயை இறக்குலே!”

“சும்மா இறக்கக் கூடாதுக்கா. தண்ணிக்குள்ள விழுந்து நம்மளையும் கவுத்துரும். மொதல்ல படகு காத்துக்கு முதுகு காட்டணும். பெரிய பாயை நல்லா வெளிய விரிச்சு, அதுக்குப் பின்னாடி பலூனை ஒளிக்கணும். காத்து கெடைக்காமத் தொவண்டுரும். அப்புறம் ஒரு மூலைக் கயித்தை விட்டுட்டு, அடிப்பக்கத்தை உள்ள இழுத்து அள்ளிக்கிறணும். மேல்கயித்தைக் கடைசியா, கொஞ்சங் கொஞ்சமா விடணும். கையில சுத்திக்கிறக் கூடாது.”

“எல்லாம் செஞ்சு பாத்திருக்கியா?”

“கேன்டீன் சன்னல்ல இருந்து பாத்திருக்கேன். அள்ளுற வரைக்கும் பாத்தேன். அப்புறம் பருப்பு தீஞ்ச வாடை வந்துச்சு, போயிட்டேன்.”

பெரிய பாய் விரிந்தது. அதன் மறைவில் பலூன் சோர்ந்து தொங்கியது. மூலைக் கயிற்றை விட்டான். ஆரோக்கியம்மாள் அடிப்பக்கத்தை இரு கையாலும் பற்றினாள்.

“மேல்கயித்தை விடுண்ணே!”

“அவுந்தாத்தான விடுறதுக்கு.”

“என்னண்ணே முடிச்சு போட்ட?”

“நீதானடா அவுறாமக் கட்டச் சொன்ன?”

ஜெரோம் தேங்காய்க் கத்தியை எடுத்தான். “கூறு கெட்டவனே,” என்று அலறினாள் அவன் அக்கா, “வெட்டுனா மொத்தமும் தண்ணிக்குள்ளல்ல விழும்!”

தறியில் பழைய பாவு நூல் முடிகிற இடத்தில் புதுப் பாவு நூலை முடிந்து இழுப்பது எங்கள் வழக்கம். கயிறுக்கும் அதே வழிதான். இன்னொரு கயிறு இல்லாததால் என் வேட்டியை அவிழ்த்து முறுக்கி, முடிச்சுக்கு மேலே கயிற்றோடு முடிந்தேன். வேட்டியைப் பாய்மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, “இப்ப வெட்டுடா, கீழ!” என்றேன்.

வெட்டினான். பாரம் வேட்டிக்கு மாறியது. நான் சாண் சாணாக விட, ஆரோக்கியம்மாள் வருகிற துணியையெல்லாம் கொசுவம் மடிப்பதுபோல் மடித்து மடியில் போட்டாள்.

“சேலை மடிக்கத் தெரியாத ஆம்பளைக பாய் கட்ட வந்துட்டீங்க. மெதுவா விடுங்கண்ணே. வெக்கப்படாதீங்க, நான் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டேன்.”

கடைசி முந்தானை தவறி, தண்ணீருக்கு ஒரு விரல் மேலே தொங்கியது. இரண்டு கையும் நிறைந்திருந்ததால் அவள் குனிந்து பல்லால் கவ்வினாள். அன்றைக்கு அவள் பேசாமல் இருந்தது அந்தச் செத்த நேரம்தான்.

படகு ஒரு பனைமரத்தில் சாய்ந்து நின்றது. தையலைப் பிரித்து, சேலைகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டுபோனோம். வியாகுலம்மாள் ஒவ்வொன்றையும் விரித்து, தடவி, மோந்து பார்த்தாள். வெயிலில் பிடித்துத் திருப்பினாள்.

“ஈரமே படலையே,” என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பிறகு மாவுச் சாக்குப் பாயைச் சுற்றிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். “இவரு யாரு?”

“சேலை நெய்ஞ்சவரு.”

“அவருக்கு உடுத்தத் துணி இல்லையாக்கும்?”

கல்யாணம் நடந்தது. சேலைகளில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை என்பதற்கு வியாகுலம்மாளே சாட்சி. சந்தேகப்படுகிறவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

வட்டக்கண்மாய் அந்த வருஷம் மாசியிலேயே வற்றிவிட்டது. ஆடி மாதம் அதன் நடுவில்தான் கபடிப் போட்டி நடந்தது, விசில் ஊதியது நான்.